காய்ச்சலைக் கிளப்பி கேன்சர் கட்டியைக் கரைத்த டாக்டர்... யார் இந்த வில்லியம் கோலி?

புற்றுநோய் கட்டிக்குள் கிருமியை ஊசி மூலம் செலுத்தினால் என்ன ஆகும்? 130 வருஷத்துக்கு முன்பே அதைச் செய்து பார்த்தவர் நியூயார்க் அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் கோலி.

ஒரு மரணம், ஒரு தேடல்

1862-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்த கோலி, ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். 1890-ல் கையில் சார்கோமா புற்றுநோயுடன் 17 வயது பெண் ஒருவர் அவரிடம் வந்தார். கையை வெட்டி எடுத்தும் பலனில்லை. சில மாதங்களிலேயே அந்தப் பெண் இறந்துபோனார்.

இது கோலியை உலுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியின் பழைய ரெக்கார்டுகளைப் புரட்டினார். ஒருவருக்குக் கழுத்தில் வந்த கட்டி, பலமுறை ஆபரேஷன் செய்தும் மறுபடி மறுபடி வளர்ந்திருந்தது. அவருக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்து காய்ச்சல் அடித்தது. அதன்பின் கட்டியைக் காணோம்! ஊரெல்லாம் தேடி கோலி அவரைக் கண்டுபிடித்தார். 7 வருஷம் ஆகியும் ஆள் நன்றாகவே இருந்தார்.

கிருமியே மருந்து

1891-ல் கைவிடப்பட்ட ஒரு நோயாளிக்கு அதே கிருமியைச் செலுத்தினார் கோலி. கடும் காய்ச்சல் வந்தது, கட்டி கரைந்தது. அவர் மேலும் 8 வருஷம் வாழ்ந்தார். ஆனால் உயிருள்ள கிருமி சிலரின் உயிரையே பறித்ததால், கொல்லப்பட்ட கிருமிகளைக் கலந்து புது மருந்து தயாரித்தார். அதுதான் 'கோலி டாக்ஸின்'.

சிலருக்குக் குணமானது, பலருக்கு இல்லை. காரணம் கேட்டால் அவரிடம் தெளிவான பதில் இல்லை. ரேடியேஷன் சிகிச்சை பிரபலமானதும் இவரை ஓரங்கட்டினார்கள். 1936-ல் கோலி காலமானார்.

கிடைத்தது விடை

மகள் ஹெலன் விடவில்லை. அப்பாவின் நோயாளிகள் பற்றிய தகவல்களைத் திரட்டினார். 1953-ல் ஆராய்ச்சி நிறுவனமும் தொடங்கினார். அவருக்குத் துணை நின்ற விஞ்ஞானி லாயிட் ஓல்டின் குழு, 1975-ல் டிஎன்எஃப் என்ற சைட்டோகைனை அறிவித்தது.

சைட்டோகைன் என்பது நோய் எதிர்ப்பு செல்கள் அனுப்பும் ரசாயன சிக்னல். புற்றுநோய் கட்டி உடலின் காவலுக்கு டிமிக்கி கொடுத்து வளரும். கிருமி நுழைந்ததும் சைட்டோகைன்கள் சுரந்து, காய்ச்சலை ஏற்றி, தாக்கும் செல்களைத் தட்டி எழுப்பும். டிஎன்எஃப், கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் சிதைக்கும். அளவு மீறினாலோ ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

குழந்தைகளுக்குப் போடும் பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் அதே கிருமிதான், இன்று சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கும் மருந்து. அங்கேயும் வேலை செய்வது கோலி நம்பிய அதே வழிதான்.