வெள்ளைக்காரனை வியர்க்க வைத்த குறும்புக்கார மேயர்

சென்னைக்காரர்கள் இன்று குடிக்கும் தண்ணீரில் ஒரு மேயரின் பிடிவாதம் கலந்திருக்கிறது. அந்த மேயர் வேறு யாருமல்ல, தீரர் சத்தியமூர்த்திதான்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த திருமயத்தில் 1887 ஆகஸ்ட் 19-ந்தேதி பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக்கல்லூரியிலும் படித்து வக்கீலானார். ஆனால் மனசெல்லாம் மேடையில்தான். சுகுண விலாச சபா நாடகங்களில் வேஷம் கட்டி நடித்தார். கூத்தாடியை யார் மதிப்பார் என்று முகம் சுளித்த காலம் அது. அவர் அதைப்பற்றி கவலையே படவில்லை.

கோவிலில் கொடி

1930-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலில் தேசியக் கொடி ஏற்றக் கிளம்பினார். போலீஸ் சும்மா விடுமா? கைது, ஜெயில்!

1934 தேர்தலில் ஆற்காடு ராமசாமி முதலியாரையே தோற்கடித்து டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனார். கேள்வி நேரம் வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். சாதுவாக ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்ததும் அதிலிருந்தே துணைக்கேள்வி, அதற்கு மேல் இன்னொன்று. சபை சிரிக்கும், வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வியர்த்துக் கொட்டும்.

ஒரே வருஷம்

1939-ல் சென்னை மேயரானார். அப்போது ஊரில் தண்ணீர் கஷ்டம். செங்குன்றம் ஏரியை மட்டும் நம்பி வளரும் நகரம் பிழைக்க முடியாது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டுவதுதான் வழி என்று உறுதியாக நின்றார்.

காரியம் லேசானதல்ல. யுத்தம் தொடங்கிவிட்டது. காங்கிரஸ் மந்திரிசபையும் ராஜினாமா செய்துவிட்டது. காலமெல்லாம் எதிர்த்து வந்த கவர்னர் ஆட்சியிடமே அனுமதி வாங்க வேண்டிய நிலை. ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே! கவுரவம் பார்க்காமல் வாங்கினார். 1940-ல் கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார்.

சீடருக்குக் கீழே குரு

அதே 1940-ல் சீடர் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். குருவான சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராக வேலை பார்த்தார். பதவிக்காக அடித்துக்கொள்ளும் அரசியலில் இப்படியும் ஒரு மனுஷன்!

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் மீண்டும் கைது. நாக்பூர் அருகே உள்ள அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, உடம்பு நொடிந்து போனது. 1943 மார்ச் 28-ந்தேதி சென்னை பொது மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 55 தான்.

பூண்டி அணை வேலை முடிந்தது 1944-ல். சுதந்திரத்தையும் அவர் பார்க்கவில்லை, தான் கொண்டு வந்த அணையில் தண்ணீர் நிரம்பியதையும் பார்க்கவில்லை.

அந்த நீர்த்தேக்கத்துக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். ராயப்பேட்டையில் காங்கிரஸ் தலைமையகமும் சத்தியமூர்த்தி பவன்தான். கோடை வந்தால் பூண்டியில் எத்தனை அடி தண்ணீர் என்று மயிலாப்பூரும் தி.நகரும் அடையாறும் கேட்கின்றனவே, அந்தக் கேள்விக்குள் ஒரு வருஷ மேயரின் உழைப்பும் இருக்கிறது.