மகேந்திர பல்லவன் அன்னியனா?

தொண்டை மண்டலத்தை ஆண்ட வேந்தர்களுள் முதலாம் மகேந்திரவர்மனைப் போலச் சிற்பம், நாடகம், சங்கீதம் ஆகிய மூன்றிலும் ஒருங்கே பெயர் நாட்டியவர் மிகச் சிலரே. அப்படிப்பட்டவனுடைய குலம் இந்நாட்டுக் குலந்தானா என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சரித்திராசிரியர்கள் மும்முரமாக விவாதித்தார்கள். பல்லவர் என்ற பெயர் பாரசீகத்துப் பஹ்லவர் என்ற பெயரை ஒத்து ஒலிக்கிறதாம். ஆதலால் வெங்கையா முதலானோர் அவர்களை மேற்கிலிருந்து வந்த கூட்டத்தார் என்றனர். ஜயஸ்வால் அவர்களை வடநாட்டு வாகாடகரின் கிளையாக்கினார். யாழ்ப்பாணத்து இராசநாயக முதலியாரோ மணிபல்லவத் தீவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார். தொண்டையரே பல்லவர், வேறல்லர் என்றார் கிருஷ்ணசாமி ஐயங்கார். வழக்கு இன்னும் தீரவில்லை. நாம் கேட்பது வேறொன்று: அவனோடு ஒரே காலத்தில் வாழ்ந்த ஜனங்களில் எவரேனும் அவனை அன்னியன் என்று எண்ணினார்களா?

கனடா தேசத்தில் ஆங்கிலம் பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் ஓராட்சியின் கீழ் வாழ்கிறார்கள். 1947 ஜனவரி 1-ந் தேதிதான் கனடியப் பிரஜை என்ற தனி அந்தஸ்து அங்கே சட்டமாக அமலுக்கு வந்தது. தாங்கள் ஒரே தேசத்தாரா என்ற சர்ச்சை அந்நாட்டு எழுத்தாளருக்கு வற்றாத விஷயம். ஆயினும் அங்கே அது வெறும் எழுத்தோடு நிற்கவில்லை; பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தார் 1980-லும் 1995-லும் அதற்காக வோட்டே போட்டுப் பார்த்தார்கள். ஏழாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் வோட்டு ஏது? கல்வெட்டும் செப்பேடும் அடியார் சரித்திரமுமே நமக்குச் சாட்சிகள்.

மகேந்திரன் சிம்மவிஷ்ணுவின் மைந்தன். காவிரி வரையில் ராஜ்யத்தைப் பரப்பிய தந்தைக்குப் பின் கி.பி. 600-ம் ஆண்டளவில் காஞ்சியில் பட்டமேறினான். அவனுடைய முன்னோர் முதலில் பிராகிருதத்திலும் பின்னர் சமஸ்கிருதத்திலும் சாசனம் விடுத்தவர்கள். அன்னியர் என்போருக்கு இது ஒரு பிடி. ஆனால் செங்கற்பட்டுக்கு அருகேயுள்ள வல்லத்துக் குன்றுக்கு ஒருவர் போய்ப் பார்க்கட்டும். அங்கே மகேந்திரனுக்கு அடிமைப்பட்ட சிற்றரசன் ஒருவனின் மகன் கந்தசேனன் பாறையைக் குடைந்து ஒரு கோயில் செய்வித்திருக்கிறான். அச்செய்தி தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் மன்னனுக்குப் பகாப்பிடுகு என்றொரு விருது. பிடுகு தெலுங்கில் இடியைக் குறிக்கும் சொல். லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்பவை வடமொழி. பல்லாவரம் குகையிலோ சித்திரகாரப்புலி என்ற தமிழ் விருதும் காண்கிறது. சங்கீர்ண ஜாதி என்பது அவன் விரும்பிச் சூடிய மற்றொரு பட்டம். அது தாள வகையைக் குறிப்பதென்பர் வித்துவான்கள். கலப்பு என்ற பொருளுடைய சொல்லைத் தன் பெயராகக் கொள்ள அவன் கூசவில்லை என்பதை மட்டும் நாம் கவனிக்கிறோம்.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குகையில் அவன் பெருமையோடு எழுதுவித்தான். மகேந்திரவாடியில் தன் பெயரால் ஓர் ஏரியும் விஷ்ணு கிருகமும் அமைத்தான். திருச்சிராப்பள்ளி மலையில் சோழ நாட்டைப் பார்த்தபடி சிவனுக்குக் கோயில் குடைந்து, காவிரியைப் பல்லவனின் காதலியாகவே பாட வைத்தான். காஞ்சியிலிருந்து வந்த அரசன் சோழன் நதிக்கு உரிமை கொண்டாடுவது துணிச்சல்தான்!

அவன் இயற்றிய மத்தவிலாச பிரஹசனம் சமஸ்கிருதத்தில் அமைந்த ஹாஸ்ய நாடகம். கணபதி சாஸ்திரியார் அதை 1917-ல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். கதை நடப்பது காஞ்சித் தெருக்களில். கள்ளுண்ட காபாலிகன் ஒருவன் தன் கபாலப் பாத்திரம் காணாமற்போக, பௌத்த பிக்ஷுவைத் திருடனென்று பிடித்துக்கொள்கிறான். பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் நாய் கொண்டுபோன பாத்திரத்தைப் பைத்தியக்காரன் ஒருவன் கொண்டுவந்து சேர்க்கிறான். தலைநகரின் சமயவாதிகளை இவ்வளவு நெருங்கிப் பார்த்துக் கேலி செய்வது, ஊரோடு ஊராய் வாழ்ந்தவனுக்கே சாத்தியம்.

இனி முக்கிய சாட்சிக்கு வருவோம். சமணனாயிருந்த பல்லவ வேந்தன், சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரை நீற்றறையிலிட்டதையும், நஞ்சூட்டியதையும், கல்லோடு கட்டிக் கடலில் எறிவித்ததையும் பெரிய புராணம் விரிக்கிறது. பின்னர் அவ்வேந்தனே சைவனாகித் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று அது கூறுவதால், குணபரன் என்ற விருதுடைய மகேந்திரனே அவன் என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர். அழைத்தபோது வர மறுத்து, அரசாணைக்குத் தாம் கட்டுப்பட்டவரல்லர் என்று நின்றவர் நாவுக்கரசர். அவரைக் காட்டிலும் அம்மன்னன் மீது குறை சொல்ல உரிமையுள்ளவர் யார்? ஆயினும் அச்சரிதத்தில் அவன் கொடியவனாக வருகிறான், பிற சமயத்தானாக வருகிறான், அன்னியனாக வரவில்லை. ஆள்பவனை எதிர்ப்பது வேறு, அவனை அயலான் என்பது வேறு. வெள்ளையராட்சியில் இவ்விரண்டையும் சேர்த்தே செய்ய நேர்ந்த நமக்கு இவ்வேற்றுமை எளிதில் புலப்படுவதில்லை.

பகைவனும் அப்படியே. சளுக்கிய இரண்டாம் புலிகேசி படையெடுத்துவந்து பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான் என்று 634-ம் ஆண்டு அய்ஹொளெ சாசனம் ஏளனம் செய்கிறது. புள்ளலூரில் மகேந்திரன் முக்கிய சத்துருக்களை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு பதில் சொல்கிறது. இரண்டில் எது எவ்வளவு மெய்யாயினும், ராஜ்யத்தின் வடபகுதி கைவிட்டுப் போயிற்று, காஞ்சி நின்றது. 630-ம் ஆண்டளவில் அவன் காலமானான். 642-ல் வாதாபியை வென்று பழிதீர்த்தவன் அவன் மகன் நரசிம்மனாகிய மாமல்லன்.

அம்மாமல்லன் பெயர் தாங்கிய கடற்கரைப் பட்டினத்தில் ஆதிவராகர் குகை இருக்கிறது. அதன் சுவரொன்றில் மன்னனொருவன், ஒரு தேவியின் கையைப் பற்றி, கருவறைப் பக்கம் விரல் காட்டி அழைத்துச் செல்கிறான். மகேந்திரப் போத்தாதிராஜன் என்று மேலே பெயர் வெட்டியிருக்கிறது. அது பின்வந்த மற்றொரு மகேந்திரன் என்பாரும் உண்டு. எதிர்ச்சுவரில் அமர்ந்திருக்கும் அரசனுக்குச் சிம்மவிஷ்ணு என்று பெயர் பொறித்திருப்பதால், தந்தையும் மகனுமாக அவர்களைக் கொள்வதே பொருத்தமென்று நமக்குத் தோன்றுகிறது.