நாவலர் பெருமான் காட்டிய ஒழுக்க நெறி

சமயம் என்பது நெற்றியில் நின்றுவிடுவதா, நெஞ்சிலும் செயலிலும் இறங்குவதா என்னும் வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிச் சென்ற பெரியோருள் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் தலைசிறந்தவர். அவர் சரித்திரத்தை அறியாத சைவ வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆயினும், தனிமனித ஒழுக்கத்தையும் பொதுவாழ்க்கை ஒழுக்கத்தையும் அவர் எவ்வாறு இணைத்தார் என்பதை இளைஞராகிய நாம் ஊன்றிச் சிந்தித்தல் நன்று.

நாவலர் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆந் தேதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தபோது அவருக்கு உற்ற துணையாக நின்றார். மிஷன் பாடசாலையிற் பயின்ற நமக்கு இவ்வரலாறு தனிச் சிறப்புடையது. பிறர் சமயத்தவரிடம் ஒழுங்கான பாடசாலை, அச்சுப் புத்தகம், வாரந்தோறும் பிரசங்கம் ஆகிய நல்ல முறைகளைக் கண்ட நாவலர், அவற்றை இகழாது கைக்கொண்டார்; தம் சமயத்தையோ கைவிட்டாரல்லர்.

1847 ஆம் ஆண்டின் கடைசி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே சம்பளம் தரும் உத்தியோகத்தைத் துறந்து சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இல்லறத்தை நாடாது, தமக்கெனப் பொருள் சேர்க்காது, வீடுதோறும் பிடியரிசி பெற்றுப் பாடசாலையை நடத்தினார். பிறர்க்கு உபதேசிக்குமுன் தாம் துறந்து காட்டியமையே அவர் சொல்லுக்கு வலிமை தந்தது. திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கியது 1849 இலேயாம்.

அவர் பிறசமயக் கண்டனஞ் செய்தார் என்பதை மாத்திரமே பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆயின், அவருடைய கண்டனம் முதலிற் சென்றது தம்மவரிடமேயாம். கோயில்களில் உயிர்ப்பலி இடுதலைக் கடிந்தார். திருவிழாவிலே தாசியராட்டத்துக்கும் வாணவேடிக்கைக்கும் பணத்தை வாரியிறைப்பதைக் கண்டித்தார். கோயிற் பொருளுக்குக் கணக்குக் கேட்டார். தெய்வத்தின் பெயரால் வரும் பணம் பொதுப்பணம். அதனைக் கையாள்பவன் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே அவர் கொள்கை. இதனாற் பகைத்தவர் பலர்; அவர் பின்வாங்கினாரல்லர்.

1877 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, செல்வரிடம் பொருள் திரட்டி வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். அரசாங்க ஏசண்டராகிய துவைனந் துரையின் நிருவாகத்தையும் அஞ்சாது கண்டித்தார். பசித்தவனுக்கு உணவளித்தலும், அதிகாரியைத் தட்டிக் கேட்டலும் சிவபூசைக்குப் புறம்பானவை என்று அவர் கருதவில்லை. 1879 இலே சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்லவேண்டுமென்று முன்னின்று உழைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 5 ஆந் தேதி சிவபதமடைந்தார்.

பெரியோரைப் போற்றுவோர் உண்மையையும் மறைத்தலாகாது. சாதியாசாரத்தை நாவலர் ஒழுக்கத்தின் ஒரு பகுதியாகவே கொண்டார். கோயிற் கணக்கைக் கேட்ட அவர், கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட சைவனுக்காக வாதாடவில்லை. அவ்வாசலைத் திறக்க 1968 ஆம் ஆண்டிலும் மாவிட்டபுரத்திலே மக்கள் போராடவேண்டியிருந்தது நமக்கெல்லாம் வெட்கந் தருவதாகும். காலத்தின் வழக்கம் என்று கூறி இதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும், காலத்தின் வழக்கங்கள் பலவற்றை எதிர்த்து நின்றவர் வழிவந்த நாம் அவ்வாறு கூறி அமைதியடைதல் பொருந்தாது.

எனவே, சங்கத்து இளைஞர்காள்! குருபூசை நாளிலே மாலை சூட்டுவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. நம் கோயிலின் கணக்கு ஊரறிய வைக்கப்படுகிறதா, திருவிழாச் செலவில் ஒரு பங்காவது ஏழைப் பிள்ளையின் படிப்புக்குப் போகிறதா, சந்நிதியிலே எவரேனும் தாழ்த்தப்படுகிறாரா என்று கேட்போம். அவர் தம்மவரை நோக்கி வினவிய அதே துணிவோடு நாமும் நம்மை நோக்கி வினவுதலே நாவலர் பெருமானுக்குச் செய்யும் உண்மையான வழிபாடாகும். மூத்தோர் நமக்கு ஆசி கூறி வழிநடத்துவாராக.