ஆட்டின் கழுத்திலிருந்து மருந்து எடுத்த டாக்டர் முர்ரே

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. தைராய்டு குறைவு உள்ளவர்கள் தினமும் செய்கிற காரியம் இது. அந்த மாத்திரையில் இருக்கும் மருந்தின் அளவைச் சொன்னால் நம்புவது கடினம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் 50 பங்கோ 100 பங்கோதான் ஒரு நாளைக்கான மருந்து. அந்த அணுவளவு மருந்து ஓர் ஆளை நடமாட வைக்கிறது, வேலைக்கு அனுப்புகிறது, பேசவும் சிரிக்கவும் வைக்கிறது.

இந்த மருந்து இல்லாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்களுக்கு விடிவு கிடையாது. அவர்களுக்கு வழி காட்டியவர் ஜார்ஜ் ரெட்மெய்ன் முர்ரே என்ற ஆங்கிலேய டாக்டர். அதைச் செய்தபோது அவருக்கு வயது 25. கையில் பெரிய பதவி இல்லை. பெரியவர்களின் ஆதரவும் இல்லை.

பெயர் இருந்தது, மருந்து இல்லை

தொண்டைக்கு முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல் ஒட்டிக்கொண்டிருப்பது தைராய்டு சுரப்பி. உடல் எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை இதன் சுரப்புதான் நிர்ணயிக்கிறது. அடுப்பில் விறகு குறைந்தால் உலை கொதிக்காது. அதுபோல இந்தச் சுரப்பு குறைந்தால் உடம்பு முழுவதும் மந்தமாகிவிடும். முகம் ஊதும். முடி கொட்டும். தோல் வறண்டுபோகும். குரல் தடிக்கும். மற்றவர்களுக்கு வியர்க்கும்போது இவர்களுக்குக் குளிரும். மலச்சிக்கல், மறதி, எப்போதும் தூக்கம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

இதெல்லாம் இன்று தெரிந்த விஷயம். 1870-க்கு முன் இதை நோய் என்றே யாரும் கருதவில்லை. வீட்டு வேலை செய்யாத சோம்பேறி என்று பெயர் வாங்கிய பெண்கள் எத்தனையோ பேர். புத்தி பேதலித்துவிட்டது என்று மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டவர்களும் உண்டு.

1873-ல் லண்டனில் சர் வில்லியம் கல் என்ற டாக்டர் இந்த நிலையை முதன்முதலாக விவரித்து எழுதினார். 1878-ல் வில்லியம் ஆர்ட் என்ற டாக்டர் இதற்கு மிக்ஸிடீமா என்று பெயர் வைத்தார். ஆனால் காரணம் பிடிபடவில்லை. 1883-ல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு துப்பு கிடைத்தது. அங்கே கழுத்துக் கழலைக்காகத் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக வெட்டி எடுத்த நோயாளிகள் பலருக்கு, காலம் செல்லச் செல்ல முகம் வீங்கி அறிவு மங்கியதை தியோடர் கோக்கர் என்ற பெயர்பெற்ற அறுவை நிபுணர் வெளியிட்டார். லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி குரங்குகளின் சுரப்பியை அகற்றிச் சோதித்தார். கடைசியில் 1888-ல் லண்டன் கிளினிக்கல் சொசைட்டியின் கமிட்டி, தைராய்டு கெட்டுப்போவதே இதற்குக் காரணம் என்று அறிக்கை கொடுத்தது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கெட்டுப்போன சுரப்பிக்குப் பதில் என்ன செய்வது?

டாக்டர் வீட்டுப் பிள்ளை

ஜார்ஜ் முர்ரே 1865-ம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். நிலக்கரிக்கும் கப்பலுக்கும் பெயர் போன ஊர் அது. தந்தை வில்லியம் முர்ரேயும் டாக்டர்தான். வசதியான குடும்பம். ஈட்டன் பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பயின்றபோது அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், குரங்குகளை வைத்து ஆராய்ந்த அதே ஹார்ஸ்லி. தைராய்டு மீது முர்ரேக்கு நாட்டம் பிறந்தது அங்கேதான்.

பெர்லினிலும் பாரிஸிலும் சில காலம் மேல்பயிற்சி பெற்றார். பிறகு சொந்த ஊரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு சிறு பதவியில் அமர்ந்தார்.

இதற்கிடையே ஹார்ஸ்லி ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஆட்டின் தைராய்டை நோயாளியின் உடலில் ஒட்டவைத்துப் பார்க்கலாம் என்பது அது. 1890-ல் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் இரண்டு டாக்டர்கள் ஒரு பெண்ணின் தோலுக்கடியில் ஆட்டுச் சுரப்பியை வைத்துத் தைத்தார்கள். மறுநாளே அவளுக்குக் குணம் தெரிய ஆரம்பித்தது.

இந்தச் செய்தியில் முர்ரேயின் மனம் ஒரே இடத்தில் நின்றது. மறுநாளே குணம் தெரிந்தது எப்படி? ஒட்டவைத்த சுரப்பிக்குள் ரத்தக் குழாய் ஓட ஒரு நாள் போதாதே! அப்படியானால் குணம் தந்தது சுரப்பி அல்ல, அதிலிருந்து கசிந்து உடலில் ஊறிய சாறு. சாறுதான் மருந்து என்றால், அறுவை எதற்கு? சாற்றை எடுத்து ஊசியில் ஏற்றினால் போதுமே! ஹார்மோன் என்ற சொல்கூட அப்போது பிறக்கவில்லை. அது 1905-ல்தான் வந்தது.

சபையில் கேலி

1891 பிப்ரவரியில் நியூகாசில் வட்டார டாக்டர்களின் சங்கக் கூட்டம் நடந்தது. முர்ரே ஒரு மிக்ஸிடீமா நோயாளியைச் சபையின் முன் காட்டித் தம் யோசனையை எடுத்துரைத்தார். மூத்த டாக்டர் ஒருவர் எழுந்து அதைக் கேலி செய்தார். அப்படியானால் முதுகுத்தண்டு நோய்க்கு முதுகுத்தண்டை அரைத்து ஊசி போடலாமே என்பது அவருடைய கிண்டலின் சாரம்.

அந்தக் கேலிக்கும் காரணம் இருந்தது. இரண்டு வருஷங்களுக்கு முன் பாரிஸில் பிரவுன் செக்கார் என்ற 72 வயதுப் பேராசிரியர், விலங்கின் விதைச் சாற்றை ஊசி போட்டுக்கொண்டு தமக்கு இளமை திரும்பிவிட்டதாக அறிவித்திருந்தார். அதைப் பார்த்து உலகமே சிரித்தது. விலங்குச் சாறு என்றாலே போலி வைத்தியம் என்ற எண்ணம் பரவியிருந்த நேரம் அது.

முர்ரே வாதம் செய்து நேரத்தைக் கழிக்கவில்லை. மருந்தைத் தயாரிக்கப் போனார்.

கைக்குட்டையில் பிழிந்த மருந்து

அப்போதுதான் அறுத்த ஆட்டிலிருந்து தைராய்டு சுரப்பியைச் சுத்தமான கருவியால் எடுத்தார். கொழுப்பை நீக்கி, பொடிப்பொடியாக நறுக்கினார். கிளிசரினும், கிருமி சேராமலிருக்கச் சிறிதளவு கார்பாலிக் அமிலம் கலந்த நீரும் சேர்த்து, ஒரு நாள் முழுவதும் மூடி வைத்தார். மறுநாள், கொதிநீரில் போட்டெடுத்த மெல்லிய கைக்குட்டையில் அதைக் கொட்டி முறுக்கிப் பிழிந்தார். இளஞ்சிவப்பான கலங்கிய சாறு கிடைத்தது. கிராமத்து வைத்தியர் பச்சிலையைத் துணியில் கட்டிப் பிழிவதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

முதலில் ஊசி போட்டுக்கொண்டவர் 46 வயதுப் பெண்மணி. நான்கைந்து வருஷங்களாக நோயில் கிடந்தவர். முகமும் கையும் வீங்கி, பேச்சு இழுத்து, நடை தளர்ந்து போயிருந்தார். புது மனிதர்களைக் கண்டாலே ஒதுங்குவார். குளிர் தாங்கமாட்டார். வியர்வை என்பதே கிடையாது.

1891 ஏப்ரலில் முதல் ஊசி போடப்பட்டது. பிறகு வாரத்துக்கு 2 முறை. மூன்று மாதங்களில் வீக்கம் வடிந்தது. பேச்சில் வேகம் வந்தது. நின்றுபோயிருந்த மாதவிலக்கு திரும்பியது. வியர்க்கத் தொடங்கியது. வீட்டு வேலைகளைத் தாமே செய்ய ஆரம்பித்தார். வெளியே போய்வரவும் அவர் தயங்கவில்லை.

அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முர்ரே தம் முறையை வெளியிட்டார். எதையும் மறைக்கவில்லை. எந்தச் சுரப்பி, எவ்வளவு கிளிசரின், எப்படிப் பிழிவது, எத்தனை துளி என்று ஒவ்வொன்றையும் எழுதினார். படித்த எந்த டாக்டரும் தம் ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்ற நிலை வந்தது. பல நாடுகளில் செய்தும் பார்த்தார்கள். பலித்தது.

ஊசியிலிருந்து வாய்க்கு

மறு வருஷமே இன்னொரு முன்னேற்றம். ஊசியே வேண்டாம், வாய்வழியே கொடுத்தாலும் வேலை செய்கிறது என்று 1892-ல் லண்டன் டாக்டர் மெக்கன்சியும், பிளிமத் ஊர் டாக்டர் ஃபாக்ஸும் தனித்தனியே எழுதினார்கள். ஃபாக்ஸ் ஆட்டுச் சுரப்பியை இலேசாக வறுத்து, கொத்தி, பழப்பாகுடன் சாப்பிடக் கொடுத்தார். முர்ரேயும் தம் முறையே பெரிதென்று பிடிவாதம் பிடிக்கவில்லை. ஊசியை விட்டு வாய்வழி மருந்துக்கு மாறினார்.

இந்த மருந்தைப் பற்றிய மிகப் பெரிய பாடமும் அப்போதே தெரிந்துவிட்டது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறது. காய்ச்சல் மருந்துபோல் சில நாள் சாப்பிட்டு விட்டுவிடக் கூடியது அல்ல இது. உடல் சுரக்காததை வெளியிலிருந்து கொடுக்கிறோம். கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

28 ஆண்டுகள்

முர்ரே 1893-ல் பேராசிரியரானார். 1908-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஊரும் மாறியது, பெயரும் பெருகியது. ஆனால் முதல் நோயாளியின் வாழ்க்கைக் கணக்கை அவர் விட்டுவிடவில்லை.

அந்தப் பெண்மணி 1919-ல் தம் 74-வது வயதில் காலமானார். மருந்தில்லாமல் கிடந்திருந்தால் சில வருஷங்களில் முடிந்திருக்க வேண்டிய ஆயுள், 28 ஆண்டுகள் நீண்டது. 1920-ல் முர்ரே அவருடைய முழு வரலாற்றையும் அதே பத்திரிகையில் எழுதினார். அந்த 28 ஆண்டுகளில் அவர் உட்கொண்ட சாறு 9 பைண்டுக்கு மேல். நம் கணக்கில் 5 லிட்டருக்குச் சற்று அதிகம். அதற்குப் பயன்பட்ட ஆடுகள் 870-க்கும் மேல். வருஷத்துக்கு 31 ஆடுகள் வீதம் ஒரு மனுஷியின் உயிரைக் காத்திருக்கின்றன.

கேலி செய்தவருக்கு முர்ரே சபையில் பதில் சொல்லாவிட்டாலும், இந்தக் கணக்கு சொல்லிவிட்டது.

சாறு மாத்திரையான கதை

ஆட்டுச் சாற்றில் ஒரு குறை இருந்தது. எந்த ஆட்டில் எவ்வளவு சத்து என்று சொல்ல முடியாது. 1914-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் என்ற ரசாயன நிபுணர் அந்தச் சத்தைத் தனிப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுதான் தைராக்ஸின். இங்கிலாந்தில் சார்லஸ் ஹாரிங்டன் 1926-ல் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். 1927-ல் ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து அதைச் சோதனைச் சாலையிலேயே தயாரித்துக் காட்டினார். 1950-களில் லெவோதைராக்ஸின் மாத்திரை பழக்கத்துக்கு வந்தது. உடம்பில் சுரப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே பொருள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்று இதற்கும் இடம் உண்டு. ஆடு வெட்ட வேண்டியதில்லை.

தைராய்டு ஆராய்ச்சிக்காகக் கோக்கருக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. கெண்டலுக்கு வேறொரு கண்டுபிடிப்புக்காக 1950-ல் கிடைத்தது. முர்ரேக்குக் கிடைக்கவில்லை. 1925-ல் ஓய்வு பெற்ற அவர், 1939 செப்டம்பரில் காலமானார். அவர் வாழ்ந்ததும் தம் முதல் நோயாளியைப் போலவே 74 வயது வரை.

மறக்கக் கூடாதது

மருந்து வந்து நூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும், நோயைச் சோம்பல் என்று எண்ணும் பழக்கம் போகவில்லை. வீட்டில் ஒரு பெண் காரணமில்லாமல் பருத்து, சோர்ந்து, எப்போதும் குளிர்கிறது என்று சொன்னால், ஏசுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. டி.எஸ்.எச். என்று கேட்டால் எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் தெரியும்.

மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணியாவது கழித்துத்தான் காபியோ டீயோ குடிக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். கர்ப்பமானால் மருந்தின் அளவு கூட வேண்டியிருக்கும் என்பதால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும். ஆகையால் இதை உடல் இளைக்கும் மருந்தாக எண்ணித் தாமாகச் சாப்பிடுவது ஆபத்து.

இன்னொன்று. பரிசோதனையில் அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரியாக இருப்பதே மாத்திரையால்தான். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. மாதச் சம்பளக்காரர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை என்பது சலிப்பாகவும் செலவாகவும் தோன்றலாம். நியூகாசில் பெண்மணி 28 ஆண்டுகள் சலிக்காமல் உட்கொண்டார். அதனால்தான் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.