கல்லிற் கலை கண்ட கலாநிதி

பெரியோர் வரலாற்றைப் படிக்கும்போது அவர் எய்திய புகழின் உச்சியையே நாம் நோக்குகின்றோம். அவ்வுச்சிக்கு அவர் ஏறிய முதற் படிகளை நோக்குவதில்லை. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும், ஆடவல்லான் திருவுருவின் உட்பொருளை மேனாட்டார்க்கு உணர்த்திய பேரறிஞர் என்பது எம் அனைவர் நினைவிலும் எழும். ஆனால், அவர் பெற்ற கலாநிதிப் பட்டம் கலைக்காக வழங்கப்பட்டதன்று. அது கல்லுக்காக, அதுவும் எம் இலங்கைத் தீவின் கல்லுக்காக வழங்கப்பட்டது. பட்டப்படிப்பை முடித்து மேலும் ஆராய்ச்சி செய்ய விரும்பும் இளைஞரும், அவரை ஊக்கவேண்டிய முதியோரும் அறியத்தக்க அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர். முத்துக்குமாரசுவாமி. அவர் சட்டசபை உறுப்பினராய் விளங்கியவர், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி மேனாட்டாரிடை நம் கதையைப் பரப்பியவர், சேர். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர். பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் தாய்மாமனார். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது. மனைவியும் மகவும் இங்கிலாந்து சென்றிருக்க, தாமும் அங்கே புறப்படவிருந்த வேளையில் 1879இல் தந்தையார் காலமானார். இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை தந்தையின் முகத்தையும் தந்தையின் நாட்டையும் ஒருங்கே இழந்தது. ஆங்கில மண்ணில், ஆங்கிலத் தாயின் அணைப்பில், ஆங்கிலப் பிள்ளையாகவே அவர் வளர்ந்தார்.

குளொஸ்டர்சயரிலுள்ள விக்கிளிவ் கல்லூரியிற் பயின்றபின் இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியிற் சேர்ந்து, 1900இல் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். 1903இல் அக்கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் பெற்றார்.

ஆராய்ச்சிக்கு எப்பொருளை எடுப்பது என்ற வினா எந்தப் பட்டதாரிக்கும் எழுவதே. இங்கிலாந்துப் பாறைகளை ஆராய ஆசிரியரும் நூல்களும் முன்னோர் வழியும் இருந்தன. குமாரசுவாமியோ தாம் நினைவறியாப் பருவத்தில் விட்டு நீங்கிய தீவின் பாறைகளை எடுத்துக்கொண்டார். பட்டம் பெற்ற 1900ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. 1902இல் இந்நாட்டின் பளிங்குருச் சுண்ணக்கற்களைப் பற்றியும், காலிப் பகுதிப் பாறைகளைப் பற்றியும் எழுதினார். தந்தையின் நாட்டை அவர் முதன்முதலில் உற்று நோக்கியது நுணுக்குக்காட்டியின் கீழே என்றால் அது மிகையாகாது.

கனிப்பொருள் ஆய்வு

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராய் அவர் கடமையாற்றினார். இக்காலத்தில் வாகன வசதியேது? மாட்டு வண்டியிற் பொருள்களை ஏற்றி, கூடாரம் அடித்துத் தங்கி, மலைநாட்டுச் சிற்றூர்கள் தோறும் அலைந்தார். உடன் சென்றவர் அவர்தம் மனைவியார் எதெல் அம்மையார்.

இவ்வாராய்ச்சியின் பயனாய் இரு புதுக் கனியங்கள் உலகறிய வந்தன. கங்கபிட்டிய என்னும் இடத்துச் சுண்ணக்கற் பகுதியிற் கிடைத்த நீல நிறக் கனியம் ஒன்றைப் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரயர் என்பாருடன் கூடி ஆராய்ந்து, இத்தீவின் பழம்பெயராகிய செரெண்டிப் என்பதிலிருந்து செரெண்டிபைற் எனப் பெயரிட்டு 1903இல் வெளியிட்டார்.

மற்றைய கனியத்தின் கதை சுவை மிக்கது. பலாங்கொடைப் பகுதியின் பரல்களிடையே கரிய, சதுரக் கட்டி போன்ற சிறு மணிகள் சில கிடைத்தன. அவை நீரினும் ஒன்பது மடங்குக்கு மேற் பாரமானவை. உருவமும் நிறமும் பாரமும் யுரேனியக் கனியமாகிய யுரேனினைற்றை ஒத்திருந்தமையால் முதலில் அவை அதுவென்றே கொள்ளப்பட்டன. ஆயின் தோற்றத்தோடு அமைதி கொள்ளாது, 1904இல் அவற்றை இலண்டனுக்கு அனுப்பி இரசாயனப் பகுப்புச் செய்வித்தார். பேராசிரியர் வின்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது அவற்றில் நூற்றுக்கு எழுபது வீதத்துக்கு மேல் தோரிய ஒட்சைட்டு இருக்கக் காணப்பட்டது. உலகம் அதுவரை அறியாத அக்கனியத்துக்குத் தோரியனைற் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

தோரியத்துக்கு அக்காலத்தில் மதிப்பு மிக அதிகம். காற்று விளக்குகளின் வலைக்கூடு அன்று பெரும்பாலும் தோரிய ஒட்சைட்டைக் கொண்டே செய்யப்பட்டது. ஆயினும் விளக்கோடு இக்கனியத்தின் பயன் நின்றுவிடவில்லை. ஒட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர், குமாரசுவாமி பயின்ற அதே இலண்டன் கல்லூரியில் சேர். வில்லியம் ராம்சே என்பாரின் கீழ் ஆராய்ச்சி செய்தபோது, இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த பொருளிலேயே 1905இல் றேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் அணுப் பிளவைக் கண்டு 1944ஆம் ஆண்டு நோபெற் பரிசைப் பெற்றவர் அவரே.

1907இல் அமெரிக்கரான போல்ற்வூட், கதிர்வீசும் கனியங்களில் யுரேனியம் சிதைந்து ஈயமாகும் அளவைக்கொண்டு பாறைகளின் வயதைக் கணிக்க முனைந்தார். அவர் கையாண்ட கனியங்களுள்ளும் எம் தோரியனைற் இருந்தது. தோரியமும் இறுதியில் ஈயமாக மாறும் என்பது அன்று கணக்கில் எடுக்கப்படாமையால் அவர் கண்ட வயது மிகையாயிற்று. எனினும், பூமியின் வயதை எண்ணால் அளக்கலாம் என்ற வழி அதனால் திறந்தது. சப்பிரகமுவ மலைச்சாரலிற் பொறுக்கிய ஒரு பிடி மணல் பௌதிக அறிஞரின் மேசை வரை சென்று அறிவை வளர்த்தது காணீர்!

இவ்வாராய்ச்சிகளுக்காக 1906இல் இலண்டன் சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கல்லும் கலையும்

கல்லைத் தேடி ஊர்கள் தோறும் சென்றவர் கண்ணிற் பிறிதொன்றும் பட்டது. தலைமுறை தலைமுறையாய் வந்த தச்சர், கொல்லர், தந்தச் சிற்பிகள், நெய்வோர், பாய் பின்னுவோர் ஆகியோரின் கைத்திறன் ஆதரிப்பாரின்றி அழிந்துகொண்டிருந்தது. ஆலைப் பொருளும் அந்நிய உடையும் மேன்மைக்கு அடையாளமாய்க் கருதப்பட்டன. பாறை இன்னும் பல்லாயிரம் ஆண்டு கிடக்கும். இக்கைகளோ இத்தலைமுறையோடு மறையும் என்பதை அவர் உணர்ந்தார் போலும். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, அதன் தலைவராய் நின்று, சுதேச உடை, மொழி, கலை என்பவற்றின் பெருமையை எடுத்தியம்பினார்.

விஞ்ஞானத்தை அவர் கைவிட்டார் என்று சிலர் குறை கூறுவர். அது பொருந்தாது. 1908இல் வெளிவந்த மத்திய காலச் சிங்களக் கலை என்ற அவரது பெருநூலை நோக்குவார்க்கு உண்மை புலனாகும். கள ஆராய்ச்சியாளன் பாறையை எவ்வாறு இடமறிந்து, வகை பிரித்து, குறிப்பெழுதி ஆராய்வானோ, அவ்வாறே அவர் கம்மாளரின் கருவியையும் செய்முறையையும் ஆராய்ந்தார். எதெல் அம்மையார் எடுத்த புகைப்படங்கள் அந்நூலுக்குச் சான்றாய் அமைந்தன. அவ்வம்மையாரின் உழைப்பை நாம் மறத்தலாகாது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே, குமாரசுவாமியின் நேர்ப் பார்வையில், 425 பிரதிகள் மட்டும் அச்சாயின.

பின்னர் இந்தியாவெங்கும் சுற்றி ஓவியங்களையும் படிமங்களையும் சேகரித்தார். 1916இல் இராசபுத்திர ஓவியங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். தாம் சேர்த்த செல்வத்தைக் காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்கக் கொடுக்க விழைந்தார். அதற்கு வேண்டிய ஆதரவு கிட்டவில்லை. ஆகவே அச்செல்வம் அமெரிக்காவுக்குப் போயிற்று. அவரும் 1917இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பதவியேற்றார். முப்பதாண்டு அங்கே பணியாற்றினார். சிவ நடனம் பற்றிய அவரது நூல் 1918இல் வெளிவந்தது. ஓய்வு பெற்று இமயச் சாரலில் வாழ எண்ணியிருந்த அவர், எழுபதாவது பிறந்தநாள் கழிந்து பதினெட்டாம் நாள், 1947 செப்டெம்பர் 9ஆம் நாள், அந்நிய மண்ணிலேயே உயிர் நீத்தார்.

நாம் கொள்ளத்தக்கது

இளைஞர்களே! மேற்படிப்புக்கு வெளிநாடு செல்வோர் நம்மிடை இன்று பலர். செல்வது குற்றமன்று, குமாரசுவாமியும் இலண்டனிற் கற்ற அறிவைக்கொண்டே இலங்கையைக் கண்டார். எங்கே கற்கிறோம் என்பதிலும் எதை ஆராய்கிறோம் என்பதே பெரிது. எமது சுண்ணக்கல்லும் அதன் கீழ் ஊறும் நன்னீரும், எமது கடற்கரை மணலும், மண்சரிவுறும் மலைகளும் ஆராய்வாரை எதிர்நோக்கியே இருக்கின்றன.

முதியோரே! ஆராய்ச்சி செய்யப் புறப்படும் பிள்ளையிடம், இதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று மட்டும் வினவாதீர்கள். கைகொடுப்பாரின்றிக் காசியிலிருந்து பொஸ்ரனுக்குப் போன செல்வத்தை நினையுங்கள். அறிஞன் பிறப்பது ஒரு நாட்டின் பேறு; அவன் வாழ்ந்து பணிசெய்ய இடங்கொடுப்பது அந்நாட்டின் கடமை.

கல்லிலே தொடங்கிக் கலையிலே நிறைந்த அப்பெரியாரின் நாமம் நீடு வாழ்க!