உருளை இழுத்த கரம்

சென்ற டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நம் புனே நகரத்துப் பள்ளிகளுக்கிடையே நடந்த கூடைப்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தைக் காணச் சென்றிருந்தேன். புள்ளிக் கணக்கு எழுதும் பொறுப்பு என் அறை நண்பனுக்கு. அவனுக்குத் துணையாகப் போனவன் நான். வேதியியல் கூடத்தில் வாரம் முழுவதும் அடைந்து கிடப்பவனுக்கு வெயிலும் ஆரவாரமும் இனிமையாகத்தான் இருந்தன.

ஆடுகளத்தைப் பெருக்குவதற்கும், வெளியே ஓடிய பந்தை எடுத்துத் தருவதற்கும் ஒரு சிறுவன் இருந்தான். வயது பதினான்கு இருக்கலாம். ஆட்டம் முடிந்து, கோப்பை கொடுத்து, கூட்டம் கலையும் வேளையில் அவன் கையில் பந்து தனியே அகப்பட்டது. நின்ற இடத்திலிருந்தே கூடையை நோக்கி எறிந்தான். ஏழு முறை எறிந்தான். ஐந்து முறை பந்து கூடைக்குள் விழுந்தது. அன்று ஆடிய பத்துப் பிள்ளைகளில் எவனும் அப்படி எறியவில்லை. அதற்குள் யாரோ அதட்டினார்கள். பந்தை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டான். நானும் நண்பனும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொல் சொல்லவில்லை. பேருந்து பிடித்து விடுதிக்கு வந்து சேர்ந்தோம்.

அன்றிரவு எனக்குப் பல்வங்கர் பாலுவின் நினைவு வந்தது. இதே ஊரில் மைதானத்தைப் பெருக்கி வாழ்வைத் தொடங்கி, இந்தியாவின் முதற்பெரும் பந்துவீச்சாளர் என்று பெயர் பெற்றவர் அவர். அவருடைய கதையை நம் தமிழ் நண்பர்கள் அறிந்துகொள்வது நன்று என்று கருதியே இதை எழுதுகிறேன்.

பாலு 1876 ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் செய்யும் வகுப்பைச் சேர்ந்த குடும்பம். அக்காலத்து வழக்கப்படி தீண்டப்படாத குடும்பம். தந்தைக்கு இராணுவத்தைச் சார்ந்த வேலை. அதன் காரணமாகப் புனே வந்தனர். இராணுவத்தார் ஆடி முடித்துக் கழித்துப்போட்ட மட்டையும் பந்தும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடக் கற்றுக்கொண்டனர் என்பர். பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. குடும்பத்துக்குக் காசு வேண்டியிருந்தது. பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்துச் சமன்செய்யும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் மூன்று ரூபாய்.

1892 இல், தம் பதினாறாம் வயதில், வெள்ளையர்களுக்குரிய பூனா கிளப்பில் சேர்ந்தார். சம்பளம் ஒரு ரூபாய் கூடிற்று. உருளை இழுப்பது, கோடு போடுவது, வலை கட்டுவது ஆகியவற்றோடு, பயிற்சிக்கு வரும் துரைமார்களுக்குப் பந்து வீசுவதும் அவர் வேலையாயிற்று. இடக்கையால் மெதுவாக வீசும் சுழற்பந்து அவருடையது. கிரேக் என்ற இராணுவத் தளபதி அந்நாளில் இந்தியாவிலிருந்த வெள்ளையருள் மிகச் சிறந்த மட்டையாளர். அவர் மற்றவர்கள் வருமுன்பே மைதானத்துக்கு வந்து பாலுவின் பந்துகளை ஆடிப் பழகுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்றொரு கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, ஆயிரக்கணக்கான பந்துகளை அந்த வலையில் வீசியே பாலு தம் கலையைக் கற்றார் என்பது மெய்.

ஒன்று கவனியுங்கள். அத்தனை ஆண்டுகளில் அவர் கையில் மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னவர் எவருமில்லை. பந்து வீசுவது உழைப்பு. மட்டை பிடிப்பது மேன்மக்களின் உரிமை. அதுவே அன்றைய நியதி.

புனேயின் இந்துக்கள் ஒரு குழு அமைத்து வெள்ளையர் கிளப்பை எதிர்த்து ஆட முனைந்தபோது பாலுவைச் சேர்ப்பதா வேண்டாவா என்ற வழக்கு எழுந்தது. உயர்சாதியார் பலர் மறுத்தனர். அவரை விட்டுவிட்டு ஆடினால் தோல்வி உறுதி என்று சிலர் வாதாடினர். வெற்றியின் ஆசை வென்றது, பாலு சேர்க்கப்பட்டார். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். ஆனால் தேநீர் வேளை வந்ததும் மற்றவர்கள் கூடத்துக்குள் பீங்கான் கோப்பைகளில் அருந்த, பாலுவுக்கு வெளியே, எறிந்துவிடக்கூடிய மண் குவளையில் ஊற்றினார்கள். உணவும் தனியே. முகம் கழுவத் தண்ணீரும் அவருடைய வகுப்பைச் சேர்ந்த பணியாளனே ஊற்ற வேண்டும். பந்துக்கு இல்லாத தீட்டு கோப்பைக்கு எப்படி வந்தது? வேதியியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை.

வெற்றிகள் வந்தன. சாதாராவில் வெள்ளையர் குழுவோடு ஆடச் சென்றபோது, பாலுவின் சுழலை மழுங்கடிக்க வேண்டும் என்றே அங்குள்ளோர் பல நாள் களத்தை உருளையால் இழுத்து இறுக்கி வைத்திருந்தனர். பாலுவோ உருளையின் இயல்பைத் தம் தோளாலேயே அறிந்தவரல்லவா! அந்தக் களத்திலும் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஊர் திரும்பியபோது வரவேற்பு நடந்தது. அவரோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் அவரோடு சேர்ந்து உண்ண மறுப்பது தகாது என்று மகாதேவ கோவிந்த ரானடே கண்டித்தாராம். ரானடேயின் சொல்லுக்குப் பிறகு சில கதவுகள் திறந்தன. எல்லாக் கதவுகளும் அல்ல.

1896 இல் பிளேக் நோய் பரவிய காலத்தையொட்டிப் பாலு பம்பாய் சென்றார். அங்குள்ள இந்து ஜிம்கானாவில் ஆடினார். இரயில்வேயில் வேலையும் பெற்றார். அக்காலத்துப் பெரும் போட்டி மதத்தின் பெயரால் நடந்தது. 1892 இல் வெள்ளையரும் பார்சிகளும் தொடங்கியதில் 1907 இல் இந்துக்களும் 1912 இல் முஸ்லிம்களும் சேர்ந்தனர். 1937 இல் எஞ்சியோருக்கும் ஒரு குழு அமைந்தது. 1945-46 ஆம் ஆண்டுப் பருவத்தோடு அப்போட்டி நின்றது. நால்வர் போட்டி என்றால் பம்பாயே திரளும். மரத்தின் மேலும் மாடியின் மேலும் மக்கள் ஏறி நிற்பர். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் வெள்ளையர் குழுவை 109 ஓட்டங்களில் வென்றனர். பாலு அந்த வெற்றியின் தூண். நாட்டு விடுதலைக்குரிய செய்திபோல் இதழ்கள் அதைக் கொண்டாடின.

இங்கே உள்ள விந்தையைப் பாருங்கள். குழுவுக்கு ஆள் எடுக்கும்போது பாலு இந்து; கோயில் வாசலில் அவர் இந்து அல்லர்!

1911 இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் அனைத்திந்தியக் குழு ஒன்று இங்கிலாந்து சென்றது. ஆடிய 23 ஆட்டங்களில் 15 இல் தோற்றது. ஆனால் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட் ஒன்றுக்குக் கொடுத்த ஓட்டங்கள் சராசரி 18.84. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. வீசும் தோளில் வலி வேறு. அங்கேயே தங்கித் தொழில்முறையில் ஆட அழைப்பு வரும் அளவுக்கு ஆடினார். திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு விழா எடுத்தனர். அதில் படித்தளித்த வாழ்த்துமடலை எழுதியவர் அப்போது கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த பீமராவ் அம்பேத்கர் என்பர். தம் மக்களிடையே ஒருவர் உலகறியத் திறமை காட்டியது அந்த இளைஞருக்கு எத்துணை ஊக்கம் தந்திருக்கும்!

தம்பிமார் சிவராம், கணபதி, விட்டல் ஆகியோரும் சிறந்த ஆட்டக்காரர்களாயினர். ஆயினும் ஒன்று மட்டும் பாலுவுக்கு வாய்க்கவில்லை. அது குழுத் தலைமை. அவரினும் இளையவர்க்கும் அவரினும் திறமை குன்றியவர்க்கும் தலைமை கிடைத்தது. 1920 ஆம் ஆண்டு நால்வர் போட்டிக்கு முன் தலைவர் நோயுற்றார். பாலு நீக்கப்பட்டார், தம்பியரை விடுத்து வேறொருவர் தலைவரானார். சிவராமும் விட்டலும் என்ன செய்தார்கள் தெரியுமா? சலுகை வேண்டாம், தகுதிக்குரிய நீதி வேண்டும் என்று அறிவித்து ஆட்டத்திலிருந்து விலகினார்கள். ஊரில் பெரும் விவாதம் எழுந்தது. அடுத்த ஆட்டத்தில் சகோதரர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். பாலு துணைத் தலைவரானார். தலைவர் களத்தைவிட்டுச் சற்று வெளியேறிய நேரத்தில் பாலு குழுவை நடத்தினார். நாற்பத்து நான்கு வயதில், சில நாழிகை நேரத் தலைமை. அவ்வளவே அவருக்குக் கிடைத்தது. 1923 இல் விட்டல் தலைவராகி வெற்றியும் ஈட்டினார். அண்ணன் நட்ட மரம் தம்பிக்கு நிழல் தந்தது.

பாலுவின் பிற்கால வாழ்வு அரசியலில் கழிந்தது. 1932 செப்டம்பரில் இங்கே எரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தபோது உருவான பூனா ஒப்பந்தத்தில் பாலுவும் கையொப்பமிட்டார். அதே ஏட்டில் நம் நாட்டவரான எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் கையொப்பமிட்டுள்ளனர். நாம் அன்றாடம் கடந்துபோகும் எரவாடாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இப்படியோர் உறவு உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் பாலு நிறுத்தப்பட்டார். எதிர்த்து நின்றவர், ஒருகாலத்தில் வாழ்த்துமடல் எழுதிய அதே அம்பேத்கர். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். இருவரும் ஒரே துன்பத்திலிருந்து புறப்பட்டு வேறு வேறு வழி நடந்தவர்கள். எவர் வழி சரி என்று தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. தம் மக்கள் தம்மைக் கைவிட்ட அந்த நாள் முதியவர் பாலுவுக்கு எளிதாக இருந்திராது என்று மட்டும் நினைக்கிறேன். 1955 ஜூலை 4 ஆம் நாள் பம்பாயில் அவர் மறைந்தார்.

முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, சராசரி 15.21. ஏடுகளில் எஞ்சியிருப்பவை இந்த எண்கள். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932 இல். அதற்குள் பாலுவின் காலம் கடந்துவிட்டது.

நண்பர்களே, இத்துடன் நிறுத்தினால் இது வெறும் பழங்கதை. எனவே என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவுக்கு விதிகள் எழுதிய குழுவில் நானும் ஒருவன். பல்கலைக்கழக அடையாள அட்டை உள்ளவர்க்கே ஆட உரிமை என்று மூன்றாம் விதியாக எழுதியவன் நான்தான். ஒழுங்குக்காக எழுதினேன், வேறு எண்ணம் இல்லை. ஆனால் நம் விடுதி உணவுக்கூடத்தில் நமக்குச் சோறு போடும் தம்பிமார் மூவர் தமிழர்கள். ஒருவன் தருமபுரியிலிருந்தும் இருவர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். சென்ற ஆண்டு விழாவில் பந்தலுக்குக் கம்பு நட்டவர்கள் அவர்கள். களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள் அவர்கள். நாம் ஆடினோம், அவர்கள் ஓரத்தில் நின்று கைதட்டினார்கள். பொங்கலை அவர்களுக்கும் கொடுத்தோம். ஆடுகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாலுவுக்குத் தேநீரை வெளியே ஊற்றியவர்களும் தங்களைக் கொடியவர்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். வழக்கம் என்றே எண்ணியிருப்பார்கள்.

கூடைப்பந்துக் களத்தில் கண்ட அந்தச் சிறுவனைத் தேடி மறுவாரம் அங்கே போனேன். அவன் அங்கு இல்லை. வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. அந்த வருத்தத்துக்கு இனி மருந்தில்லை. மூன்றாம் விதிக்கு உண்டு.

வரும் பொதுக்குழுவில் அதை நீக்கக் கோரும் தீர்மானத்தை நானே கொண்டுவருகிறேன். தமிழ் பேசி இந்த வளாகத்தில் உழைக்கும் எவரும் நம் விழாவில் ஆடலாம் என்று அவ்விதி மாறட்டும். அன்று அவையில் கை தூக்குமாறு உங்கள் ஒவ்வொருவரையும் வேண்டுகிறேன். தோற்றுப்போவோம் என்று அஞ்சுபவர்கள் இன்றைக்கே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். தருமபுரித் தம்பி கபடியில் சூரன் என்று கேள்வி!