பேசாத்திரையின் பேராண்மை: ராஜா சாண்டோ

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடிச் சென்றோர்க்கு முதலில் தடையாக நிற்பது மொழி. இவ்வுண்மையை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டுவதில்லை. சென்னைப் படையைத் தொடர்ந்து 1809 முதல் பெங்களூர்க் கண்டோன்மென்டில் குடியேறிய தமிழரும், அவருக்குப் பின் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வந்து சேர்ந்த நம்மனோரும் கடைவீதியில் ஒரு சொல்லுக்காகத் தடுமாறிய நாட்கள் உண்டு. ஆயின், மொழி தடையாகாத கலையொன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அதனுட் புகுந்து, ஒரு சொல்லும் பேசாமலே வடநாட்டார் நெஞ்சிலும் தென்னாட்டார் நெஞ்சிலும் இடம்பெற்ற தமிழர் ஒருவரும் இருந்தார். அவரே ராஜா சாண்டோ.

புதுக்கோட்டையில் பிறந்த அவருடைய இயற்பெயர் பி. கே. நாகலிங்கம். இளமையிலேயே உடற்பயிற்சியில் தேர்ந்தவர். உலகப் புகழ் பெற்ற பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயர் அக்காலத்தில் உடல்வன்மைக்கே மறுபெயராக விளங்கியது. அப்பெயரே இவருக்கும் பட்டமாக அமைந்தது. பிழைப்பை நாடிப் பம்பாய் சென்றவரை எஸ். என். பாடங்கரின் படக்கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1923-இல் வெளிவந்த ‘வீர் பீம்சேன்’ படத்தில் பீமனாகத் தோன்றிப் பெரும்புகழ் எய்தினார்.

அந்நாளில் படக்கொட்டகையின் தரையை நிரப்பியோர் பெரும்பாலும் ஆடவரே. பகலெல்லாம் உழைத்து, இரவில் சில அணாக்களோடு வந்து அமர்ந்தவர்கள் அவர்கள். டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடித்த ‘பாக்தாத் திருடன்’ என்ற அமெரிக்கப் படமே இந்நாட்டில் மிகுதியும் விரும்பப்பட்டது என்பது, 1927-28-இல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் நாடெங்கும் விசாரித்த திரைப்படக் குழுவின் முன் வெளிப்பட்ட செய்தி. தாவுதலும் தாங்குதலும், பகைவனை வீழ்த்துதலுமே அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தன. அத்தகையோர்க்கு, நம் நாட்டு மேனியும் நம் நாட்டுக் கதையும் கொண்ட வீரனொருவன் திரையில் தோன்றியபோது மகிழ்ச்சி பொங்கியதில் வியப்பென்ன?

இதே காலத்தில் மேலைநாட்டில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். இத்தாலியில் பிறந்து அமெரிக்கா சென்ற ருடால்ஃப் வாலன்டினோ, 1921-இல் வந்த ‘ஷேக்’ படத்தால் மகளிர் உள்ளம் கவர்ந்த காதலனானார். அதனாலேயே ஆடவர் பலர் அவரை எள்ளினர். ஆண்களுக்கான அறையில் முகப்பவுடர்ப் பொறி வைக்கப்பட்டதற்கும் அவரையே குறைகூறி, 1926 ஜூலையில் சிகாகோ நாளிதழ் ஒன்று எழுதியது. மனம் நொந்த அவர், எழுதியவரைக் குத்துச்சண்டைக்கு அழைத்தார். அழைக்கப்பட்டவர் முன்வரவில்லை. அடுத்த மாதமே, 31-ஆம் வயதில், வாலன்டினோ நோயுற்று மறைந்தார். தம் ஆண்மையை மெய்ப்பிக்குமாறு ஒரு கலைஞனை உலகம் வற்புறுத்திய கொடுமை அது.

நம் சாண்டோவுக்கு அந்நிலை நேரவில்லை. அவருடைய தோள்களே அவருக்குச் சான்று கூறின. பின்னர் அவர் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ (1926) போன்ற சமூகப் படங்களில் சுலோசனா, கோஹர் ஆகியோருடன் நடித்தார். ‘குணசுந்தரி’யில் (1927) இல்லறத்தில் சலிப்புற்று வெளியே மனம் திரியும் கணவனாகவே தோன்றினார். பீமனைக் கண்டு மார்தட்டிய ஆடவர், இப்போது தம் குறையையே அவரிடம் காண நேர்ந்தது. கதாயுதம் ஏந்துவதினும் அரிய செயல் இதுவென்று நாம் கருதுகிறோம்.

1930-ஐ ஒட்டித் தமிழகம் திரும்பி, ‘பேயும் பெண்ணும்’, வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலைத் தழுவிய ‘அனாதைப் பெண்’ முதலிய ஊமைப்படங்களை இயக்கினார். அதற்குள் காலம் மாறியது. 1931-இல் படம் பேசத் தொடங்கிற்று. மொழிக்கொரு படம் எழுந்தது. நாடெங்கும் ஒருவரே நாயகராக விளங்கிய நிலை மறைந்தது. தோளின் இடத்தைக் குரல் பற்றிக்கொண்டது. ஆடவர் உள்ளம் எம். கே. தியாகராஜ பாகவதரின் இசையில் மயங்கியது. இளைஞர் அவரைப்போல் கிராப்பு வளர்த்தனர். சாண்டோ அதுகண்டு ஒதுங்கிவிடவில்லை. டி. கே. எஸ். சகோதரர்களின் ‘மேனகா’வை (1935) இயக்கினார். அந்தப் பாகவதரையே நாயகராகக் கொண்ட ‘திருநீலகண்டர்’ (1939) படத்தையும் அவரே இயக்கினார். தமக்குப் பின் வந்த புகழுக்குத் தாமே வழிகாட்டி நின்றார். ஐம்பதை ஒட்டிய வயதில் கோவையில் காலமானார். தமிழக அரசு அவர் பெயரால் திரைத்துறையினர்க்கு விருது நிறுவியது.

அவர் நடித்த ஊமைப்படச் சுருள்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. எனினும் அவ்வாழ்வு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. கைத்தட்டல் ஒருநாள் வேறொருவருக்குச் செல்லும். அந்நாளிலும் தொழிலை விடாது, வருவோர்க்கு இடங்கொடுத்து நிற்பவனே ஆண்மகன். வேற்றூரில் வேரூன்றி, நம் மக்களுக்கு வழிவிட்டு நிற்கும் நாம் இதனை எளிதில் உணர்வோம்.